புரோட்டாவை விட்ட டிரைவர் சேவுகன்

மதுரையிலிருந்து காரைக்குடிக்குத் திரும்பும்போது காளையார்கோவில் கோபுரம் கண்ணில் பட்டதும் சேவுகனின் கால் தானாக ஆக்சிலேட்டரை அமுக்கும். முன்னால் போட்டிக் கம்பெனி வண்டி போனால் அதைத் தாண்டாமல் விடமாட்டான். பின்னால் வந்தால் தாண்ட விடமாட்டான். கண்டக்டர் ஹனிபா பின்படியில் தொங்கிக்கொண்டு, "அங்குட்டு ஒடிக்கிறான்ணே, எடம் குடுக்காதீக" என்று குரல் கொடுப்பான். வயசாளிகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு திட்டுவார்கள். இளவட்டங்கள் எழுந்து நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இவ்வளவு ஓட்டமும் கடைசியில் போய் நிற்பது அப்துல் சுபஹான் பாயின் புரோட்டாக் கடை வாசலில்.

தன் கடையில் வண்டியை நிறுத்துகிற டிரைவரைப் புது மாப்பிள்ளை மாதிரிக் கவனிப்பது அந்தத் தடத்துக் கடைக்காரர்களின் வழக்கம். சுபஹான் பாய் கல்லிலிருந்து எடுத்த புரோட்டாக்களை இரண்டு கையாலும் அடித்து நொறுக்கி இலையில் போட்டு, கொதிக்கிற சால்னாவை மேலே ஊற்றுவார். "எண்ணாமச் சாப்பிடுங்க சேவுகன். எண்ணித் தின்னா ஒடம்புல ஒட்டாது" என்பார். சேவுகன் எண்ணுகிற ஆள் இல்லை.

வண்டிக்கு வருவதற்கு முன்பு அவன் காடு கழனி பார்க்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. கேப்பைக் கூழ் குடித்து, நெல்லுச் சோறு தின்று வளர்ந்தவன். கோதுமையில் செய்த எதையும் அந்த வீட்டில் யாரும் தின்றதில்லை. 1962-ல் காரைக்குடியில் பஸ் ஓட்ட வந்தான். புரோட்டாவும் அந்த வருஷம்தான் அவன் வாழ்க்கையில் வந்தது. வந்ததிலிருந்து ஒரு நாள்கூட அதைப் பிரிந்திருக்கவில்லை.

முதலில் கெட்டது வயிறு. உப்பிக்கொள்ளும், இரையும், பிறகு பொறுக்காது. வண்டியைக் கண்மாய்க் கரையோரம் ஒதுக்கிவிட்டுக் கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் ஓடுவான். ஹனிபா பயணிகளிடம், "ரேடியேட்டர் சூடாயிருச்சு, அண்ணன் தண்ணி மோக்கப் போயிருக்காக" என்பான். போகிறவன் கையில் வாளி இல்லை என்பதை எல்லோரும் பார்த்தார்கள். யாரும் கேட்கவில்லை.

அப்புறம் தோல். முழங்கை இரண்டிலும் முழங்கால் இரண்டிலும் கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள். உட்காருகிற இடத்திலும் அதே. அரிப்பென்றால் சாதாரண அரிப்பில்லை, தேள் கொட்டின மாதிரிக் கடுத்துக்கொண்டு அரிக்கும். டிரைவருக்கு உட்காருகிற இடத்தில் அரிப்பு வந்தால் அதை எங்கே போய்ச் சொல்வது. கொப்புளம் உடைந்து, கறுத்துத் தழும்பாகும். அதன் மேலேயே மறுபடியும் கிளம்பும்.

மனைவி பொன்னுத்தாயி வேப்பிலை அரைத்துப் பூசினாள். குப்பைமேனி பூசினாள். மருந்துக்கடைக் களிம்புகள் வந்தன, போயின. பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் வயிற்றுக்கு ஒன்றையே சொன்னார்கள். சோறு மந்தம், சோற்றை நிறுத்து, ரொட்டியும் கோதுமைக் கஞ்சியும் சாப்பிடு. சேவுகன் சொல்பேச்சுக் கேட்கிற நோயாளி. இரண்டு வேளையும் கோதுமைக் கஞ்சி குடித்தான், வழியில் ரொட்டி தின்றான், வாய்க்கு ருசியாக இருக்கட்டும் என்று புரோட்டாவையும் விடவில்லை. சட்டை அவன்மேல் கொடியில் காய்கிற மாதிரித் தொங்க ஆரம்பித்தது. கியர் போட்டால் கை நடுங்கியது. ஆனாலும் வண்டியை விட்டு இறங்க அவனுக்கு மனசில்லை.

முழங்கையைப் பார்த்தவர்கள் வாய்க்குள்ளேயே பேசிக்கொண்டார்கள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கை அந்தத் தடத்தில் ராஜ இருக்கை. முன்பெல்லாம் அதற்குத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்கள். இப்போது கூட்டம் நெருக்கியடித்த நாளிலும் அது காலியாகவே வந்தது. கம்பெனி முதலாளி அவனைக் கூப்பிட்டு, "ஒடம்பைப் பாரு சேவுகா. கொஞ்ச நாளைக்கு ஷெட்டுல இரு" என்றார். அந்த மாசம் மட்டும் ஓட்டிக்கொள்கிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டு வந்தான்.

அந்த ராஜ இருக்கை காலியாக இருந்ததால்தான் டாக்டர் நாகநாதன் அதில் வந்து உட்கார்ந்தார். 1969-ல், வைகாசி வெயில். கண்டனூர்க்காரர், சீமையில் படித்துவிட்டு வந்து மதுரையில் ஆஸ்பத்திரி வைத்திருந்தார். ஊருக்குப் போய்விட்டு மதுரை திரும்ப ஏறியவர், சாலையைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங் திரும்பும்போதெல்லாம் கூடவே திரும்புகிற அந்த முழங்கைகளையே பார்த்துக்கொண்டு வந்தார். சேவுகனுக்குக் கூசியது. சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான்.

"முழங்கால்லயும் இருக்கா?" என்று கேட்டார்.

ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று எழுதியிருந்த பலகை அவர் தலைக்கு நேர் மேலே இருந்தது. சேவுகன் தலையை மட்டும் ஆட்டினான்.

"ரெண்டு கால்லயும்? ஒரே மாதிரி?"

"ஆமாங்க."

"உக்காருற எடத்துல?"

சேவுகன் பின்னால் யாரும் கேட்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அங்கதாங்க ரொம்ப" என்றான்.

டாக்டர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார். "வயிறு எப்படி?"

சேவுகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோலைப் பார்த்த யாரும் வயிற்றைக் கேட்டதில்லை. வயிற்றைப் பார்த்தவர்கள் தோலைக் கேட்டதில்லை. வண்டியை ஓரங்கட்டினான். எதிரே மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஹனிபா ஓடி வந்து, "என்னண்ணே, தண்ணியா?" என்றான்.

"இல்லடா. இவுக என் வயித்தைக் கேக்குறாக."

"தினமும் என்ன சாப்பிடுறீங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க" என்றார் டாக்டர். சேவுகன் ஆரம்பித்தான், மறந்ததையெல்லாம் ஹனிபா எடுத்துக் கொடுத்தான். புரோட்டாவின் கணக்கைக் கேட்டபோது டாக்டர் சிரித்துவிட்டார். பயணிகளில் பாதிப்பேர் முன்னால் வந்து கூடிவிட்டார்கள். ஒருவர்கூட நேரமாகிறது என்று சொல்லவில்லை.

"சீமையில நான் இதைப் பாத்திருக்கேன். நம்ம ஊர்ல பாப்பேன்னு நெனைக்கல" என்றார் டாக்டர். அவர் குரலிலேயே ஒரு துடிப்பு இருந்தது. "சிலருக்குக் கோதுமை ஆகாது. ஏதோ ஒரு நாளைக்கு ஒத்துக்காமப் போறது இல்ல. உள்ள போன கோதுமை குடலையே மழுங்கடிச்சிடும். தின்ன சோத்துச் சத்தும் அப்புறம் ஒடம்புல சேராது. இந்தத் தோல் நோவும் அந்தக் குடல் நோவும் ஒரே வேருன்னு சமீபத்துலதான் கண்டுபிடிச்சிருக்காங்க. மதுரைக்கு வந்து என்னைப் பாருங்க. சோதிச்சுப் பாத்துடலாம்."

மதுரையில் சோதித்தார். அரிப்புக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "இது குஷ்டத்துக்கும் குடுக்குற மாத்திரை. உங்களுக்குக் குஷ்டம் இல்ல. கடைக்காரர் ஒரு மாதிரிப் பாத்தாப் பயந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டார். ஆனால் மாத்திரை பாதி வேலைதான் செய்யும், மீதியைச் சேவுகன்தான் செய்ய வேண்டும் என்றார். புரோட்டா, ரொட்டி, ரவை, சேமியா, பிஸ்கட், கோதுமை அல்வா எதுவும் கூடாது. கொஞ்ச காலத்துக்கு அல்ல, ஆயுசுக்கும்.

சேவுகன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். கடைசியில், "அப்ப நான் என்னத்தத்தான் திங்கிறது?" என்றான்.

"சோறு. இட்லி, தோசை, இடியாப்பம், பணியாரம், கேப்பை, கம்பு. மீன், கறி, முட்டை. உங்க வீட்டுல காலங்காலமா எதைத் தின்னாங்களோ அதைத் தின்னுங்க."

சேவுகன் நிமிர்ந்தான். சோற்றை நிறுத்து என்று இத்தனை வருஷம் சொல்லிக் கேட்டவனுக்கு, சோறு தின்னு என்று சொன்ன டாக்டரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அன்றைக்குச் சாயங்காலம் காளையார்கோவிலில் வண்டி நின்றபோது அவன் இறங்கவில்லை. சுபஹான் பாய் இலையோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு இலையைக் கீழே வைத்தார். "என் கைப்பண்டமா உங்களை இப்படி ஆக்கிச்சு?" என்று அவர் முகம் வாடிப்போயிற்று.

"ஒங்க கைப்பண்டத்துல குத்தமில்ல பாய். என் கொடலுக்குத்தான் குடுத்துவைக்கல."

மறுநாள் அந்தக் கடையில் அவனுக்காக ஒரு தட்டு இடியாப்பம் மூடி வைத்திருந்தது. சுபஹான் பாயின் மனைவி ஷரபுன்னிசா வீட்டிலேயே பிழிந்து, கடையின் மைதா மாவு பறக்காத இடத்தில் வைத்து அனுப்பியிருந்தாள்.

மாத்திரை போட்ட மூன்றாம் நாள் காலையில் சேவுகன் எழுந்து தன் முழங்கையைத் தடவிப் பார்த்தான். பொன்னுத்தாயியை அடுப்படியிலிருந்து கூப்பிட்டுக் காட்டினான். அவள் நம்பாமல் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு வந்து தொட்டுப் பார்த்தாள்.

"அரிக்கலையா?"

"அரிக்கல."

"நெசமாவே அரிக்கலையா?"

"எத்தன மட்டம்டி கேப்ப. ராத்திரி பூராத் தூங்குனேன்ல, பாக்கல?"

சந்தோஷப்பட ஊர் விடவில்லை. மருந்துக்கடையிலிருந்து பேச்சு கிளம்பி, டிரைவர் சேவுகன் குஷ்ட மாத்திரை தின்கிறான் என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பரவியது. முதலாளி அன்றைக்கே சாவியை வாங்கி வைத்துக்கொண்டார். ஹனிபாவுக்கு ரத்தம் கொதித்தது. மதுரையில் வண்டி நின்ற இடைவெளியில் டாக்டரின் ஆஸ்பத்திரிக்கே ஓடிச் சொல்லிவிட்டு வந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் நாகநாதன் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினார். கம்பெனி அறையில் முதலாளி, செக்கர், டிரைவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, சேவுகனின் முழங்கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். ஒரே மாத்திரை இரண்டு வேறு நோய்க்குக் கேட்கும், அதனால் இரண்டும் ஒன்றாகிவிடாது என்று பொறுமையாக விளக்கினார். பிறகு சேவுகன் குடித்து வைத்திருந்த செம்பிலிருந்து தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டு, "இன்னைக்கு நான் மதுரைக்குத் திரும்பணும். இவர் ஓட்டுற வண்டியிலதான் ஏறுவேன்" என்றார். முதலாளி சாவியை எடுத்துக் கொடுத்தார். வண்டி புறப்படும்போது ராஜ இருக்கைக்கு இரண்டு பேர் துண்டு போட்டிருந்தார்கள். அதை டாக்டருக்காக எடுத்துப் போட வேண்டியதாயிற்று.

உடம்பு தேறிய வேகம் சேவுகனுக்கே ஆச்சரியம். கன்னம் எழும்பியது. சட்டை பிடித்தது. பொன்னுத்தாயி வீட்டில் கோதுமை என்ற பெயரையே எடுக்கவில்லை. ரேஷனில் போட்டதைக்கூடப் பக்கத்து வீட்டுக் கருப்பிக்குக் கொடுத்துவிட்டுக் கேப்பையாக வாங்கிக்கொண்டாள். ஒரே பானை, ஒரே சமையல். அவர்களின் மகள் சோணைக்கு அப்போது நாலு வயசு; அவளும் அதையே சாப்பிட்டாள்.

ஆனால் டாக்டர் மாத்திரையைக் குறைக்கச் சொன்னபோது கொப்புளம் திரும்ப எட்டிப் பார்த்தது. வயிறும் அவ்வப்போது பழைய பாட்டைப் பாடியது. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. சேவுகன், பொன்னுத்தாயி, ஹனிபா மூன்று பேரும் போலீஸ்காரர்கள் மாதிரிக் கிளம்பினார்கள். மிளகாய்த்தூளில் ஏதாவது கலப்படமா என்று பொன்னுத்தாயி வீட்டிலேயே இடித்தாள். அப்பளத்தை நிறுத்தினாள். டீக்கடைத் தம்ளரில் பிஸ்கட் தூள் ஒட்டியிருக்குமோ என்று ஹனிபா தனித் தம்ளர் வாங்கி வந்தான். எதுவும் பிடிபடவில்லை.

"வயித்துக்கு வேற என்னத்த உள்ள தள்ளுறீக அண்ணே?" என்று ஒருநாள் வண்டியில் ஹனிபா கேட்டான்.

"என்னத்தத் தள்ளுறேன். மோர்ல பெருங்காயத்தைக் கரைச்சு மூணு வேளையும் குடிக்கிறேன். வாயுவுக்கு நல்லதாச்சே."

ஹனிபா யோசித்தான். மதுரையில் மசாலாச் சாமான் மண்டிகள் இருக்கிற தெருவில் அவனுக்குப் பழக்கமான கடை ஒன்று உண்டு. அன்று வண்டி நின்றதும் அங்கே போய், பெருங்காயக் கட்டியைக் கையில் எடுத்து, "இதுல என்னென்ன சேக்குறீக?" என்று கேட்டான். கடைக்காரர் ஒளிக்கவில்லை. சுத்தப் பெருங்காயத்தின் காட்டத்தை யாராலும் தாங்க முடியாது, அதனால் கோந்தும் மைதாவும் போட்டுப் பிசைந்துதான் கட்டியாக்குகிறார்கள் என்றார்.

ஹனிபா டிக்கெட் பையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி வந்தான். மூச்சு வாங்க டிரைவர் பக்கத்துக் கதவில் ஏறித் தொங்கினான். "அண்ணே, புரோட்டாவை விட்டீக. மோர்ல கரைச்சுக் குடிச்சுக்கிட்டிருக்கீக."

சேவுகனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. புரிந்ததும் ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தான். ஹாரன் அமுங்கி அலறியது. பெருங்காயம் போன பிறகு கொப்புளமும் போயிற்று. மாத்திரை மெல்லக் குறைந்து நின்றே போனது. பொன்னுத்தாயி ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப் போட்டாள்.

அவனுடைய கதை இதோடு முடிந்திருக்கலாம். 1971-ல் சோணையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஆடி கழிந்து ஐப்பசி வருவதற்குள் பிள்ளை உருக்குலைந்துவிட்டாள். கை கால் குச்சியாகி வயிறு மட்டும் முன்னால் தள்ளியது. ஓயாத வயிற்றுப்போக்கு. ஓடியாடின பிள்ளை யார் தொட்டாலும் சிணுங்கினாள். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். மந்திரித்துப் பார்த்தார்கள்.

ஒருநாள் மதியம் வண்டியைக் கொண்டுவந்து பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியபோது கருப்பி காத்துக்கொண்டு நின்றாள். "பிள்ளை மயங்கிருச்சு. ஆஸ்பத்திரியில சேத்திருக்கு. வெரசாப் போங்க" என்றாள். சேவுகன் காக்கிச் சட்டையோடு ஓடினான்.

வார்டில் பொன்னுத்தாயி மகளை மடியில் சாய்த்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்த ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். சேவுகன் கட்டிலருகே வந்தவன் அப்படியே நின்றான். அந்த உப்பின வயிறு. அந்த ஒடுங்கின கன்னம். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்த வருஷங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

"அதைக் கீழ வை" என்றான்.

"காலையிலேர்ந்து இப்பத்தான் வாயத் தெறக்குது."

"கீழ வை பொன்னு." குனிந்து மகளின் காதருகே போனான். "ஆத்தா, பள்ளிக்கூடத்துல மத்தியானம் என்ன போடுறாக?"

"உப்புமா" என்றாள் சோணை.

அந்த வருஷங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமை ரவையில் உப்புமா கிண்டிப் போட்டார்கள். எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் அதைத் தின்று கொழுகொழுவென்று ஆனார்கள். பொன்னுத்தாயியின் கையிலிருந்த ரொட்டி நழுவியது. இந்த இரண்டு வருஷமாக வீட்டில் ஒரு பொட்டுக் கோதுமை இல்லாமல் வளர்ந்த பிள்ளை, பள்ளிக்கூடம் போன பிறகுதான் படுத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயமும் அதற்கு மேலே பொங்குகிற நம்பிக்கையுமாகச் சேவுகன் வார்டு டாக்டரைத் தேடிப் போய்ச் சொன்னான்.

வார்டு டாக்டர் கேட்டுக்கொண்டார். அவருக்கு அந்த நோய் பழக்கமில்லை, ஆனால் மறுக்கவுமில்லை. அன்று முழுக்கக் குளுக்கோஸ் ஏற்றித் தெளிய வைத்தார். "காலையில மதுரைக்குக் கொண்டுபோங்க. வழியெல்லாம் உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணியக் குடுத்துக்கிட்டே போங்க" என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் முதல் வண்டியில் பொன்னுத்தாயி மகளோடு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பறந்து போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று சேவுகனுக்குத் துடித்தது. ஆனால் ஒவ்வொரு குலுங்கலுக்கும் பிள்ளை முனகினாள். பள்ளம் கண்ட இடமெல்லாம் வண்டியை ஊர விட்டு இறக்கினான். கல்லல் தாண்டியதும் போட்டிக் கம்பெனி வண்டி பின்னால் வந்தது. அதை ஓட்டுகிற முத்தப்பன் சேவுகனின் பரம வைரி. சேவுகன் கையை வெளியே நீட்டி, போ என்று வழிவிட்டான். முத்தப்பனால் நம்ப முடியவில்லை. பக்கவாட்டில் வந்து எட்டிப் பார்த்தான். மடியில் கிடந்த பிள்ளையைப் பார்த்தான். முன்னால் போனான். அதற்கப்புறம் சிவகங்கை வரைக்கும் அவன் ஹாரனை விட்டுக் கையை எடுக்கவில்லை. மாட்டு வண்டிகளும் ஆட்டு மந்தைகளும் அவனுக்காக ஒதுங்கின. ஒதுங்கின பாதையில் சேவுகன் ஒரு குலுங்கல் இல்லாமல் வண்டியை விட்டான்.

டாக்டர் நாகநாதன் சேவுகனைச் சந்தேகப்படவில்லை, அவசரப்படவும் இல்லை. பிள்ளையைத் தன் ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் பார்த்தார், பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார். "இது ரத்தத்துல வர்ற சமாச்சாரம், அப்பனுக்கு இருந்தாப் பிள்ளைக்கும் வரலாம். அரிசிக் கஞ்சியில ஆரம்பிப்போம். ஒடம்பே பதில் சொல்லும்" என்றார்.

உடம்பு பதில் சொல்லியது. முதலில் வயிறு அடங்கியது. பிறகு சிணுங்கல் நின்றது. ஒருநாள் சாயங்காலம் ஹனிபாவும் சேவுகனும் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கப் போனபோது, சோணை கட்டிலில் தானாக எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா, கருவாட்டுக் கொழம்பு வேணும்" என்றாள்.

ஹனிபா வராந்தாவுக்குப் போய்த் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தான். பொன்னுத்தாயி, "கருவாடு கேக்குறா, கேட்டீகளா" என்று பக்கத்துக் கட்டில்காரர்களிடமெல்லாம் போய்ச் சொன்னாள்.

தை பிறந்ததும் சோணை மறுபடி பள்ளிக்கூடம் போனாள். பொன்னுத்தாயி டீச்சரைப் பார்த்துப் பேசிவிட்டு, சமைக்கிற அம்மாளிடமும் தனியே போய்ச் சொன்னாள். மதியம் மற்றவர்கள் உப்புமாவுக்கு வரிசையில் நிற்க, சோணை தூக்குச் சட்டியைத் திறந்து புளிச்சோறு தின்றாள். கொஞ்ச நாளிலேயே அவளுடைய சோற்றுக்கு ஆசைப்பட்டுத் தோழிகள் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். உப்புமா தொட்ட அவர்கள் கை தன் சட்டியில் படாமல் பிரித்துக் கொடுக்க அவளே பழகிக்கொண்டாள்.

1975-ல் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். வருஷமெல்லாம் பூட்டிக் கிடக்கிற வீடு, உள்முற்றத்து வளவு நிறையக் கூட்டம். மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிக்கொண்டு போன வண்டியில் சேவுகன் சோணையையும் கூட்டிப் போயிருந்தான். பத்து வயசு, வயசுக்கு மீறிய உயரம். கல்யாண வீட்டு ஆச்சி பலகாரத் தட்டை அவள் முன்னால் நீட்டினாள்.

"எடுத்துக்க ஆத்தா. வெக்கப்படாத."

சோணை எடுக்கவில்லை. "வெள்ளைப் பணியாரத்துல மைதா சேத்திருக்கீகளா ஆச்சி?" என்று கேட்டாள்.

"பச்சரிசியும் உளுந்துந்தான். ஏன் கேக்குற?"

"எனக்குக் கோதுமை ஆகாது. இதைச் சுட்ட எண்ணெயில வேற எதுவும் சுட்டீகளா?"

ஆச்சி சமையல்காரர் சோமுவைக் கூப்பிட்டு விசாரித்தாள். காலையில் அதே எண்ணெயில் சோமாசி சுட்டதாகவும் அது மைதாவில் செய்தது என்றும் அவர் சொன்னார். வாசலில் நின்ற சேவுகனுக்கு எல்லாம் காதில் விழுந்தது. உள்ளே போகக் காலெடுத்தவன், மகள் பேசுகிறதைக் கேட்டு நின்றுவிட்டான்.

"அப்ப வேணாம் ஆச்சி. கவுனி அரிசி இனிப்பு இருந்தாக் குடுங்க, அது போதும்."

"அது எப்படிப் போதும்" என்றாள் ஆச்சி. "சோமு, சின்னச் சட்டியக் கழுவி அடுப்புல வை. புது எண்ணெய ஊத்து. பிள்ளைக்குச் சுட்டுக் குடுத்துட்டு மத்த வேலையப் பாரு."

சோணை அடுப்படிக்கே போய் நின்றுகொண்டாள். சட்டி கழுவுகிறதைக் கண்ணால் பார்த்தாள். மாவு எண்ணெயில் விழுந்து உப்பி மேலே வந்ததும் சோமு சிரித்துக்கொண்டே கரண்டியில் ஏந்திக் கொடுத்தார். அவள் ஊதி ஊதித் தின்றுவிட்டு, பெருங்காயம் போடாத அந்த மிளகாய்த் துவையல் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டாள்.